வாசல் கொப்பி

"நாளைக்கு வர்றவங்கள, யாருன்னு கேக்காம உள்ள வுட்டுறாதீங்க சேர்."

அதிபர் வரதராசா நிமிர்ந்து பார்த்தார். எதிரில் நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அந்தோனியார் பதக்கம். பெயர் மாக்ரெட் என்றாள். கொச்சிக்கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்திருந்தாள்.

"ஏன், அவை போதைப்பொருளைப் பற்றிப் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்க எல்லோ வருகினம்? அதுவும் ஒரு சதம் வாங்காமல்."

"நல்லாத்தான் சொல்லிக்குடுப்பாங்க. ஆனா அத நடத்துறது ஒரு ஜெபக்கூடம் சேர். அத எங்கயும் சொல்றதில்ல. பேசி முடிஞ்சதும் புள்ளைங்களுக்கு இத குடுப்பாங்க."

ஒரு தாளை மேசையில் வைத்தாள். மாணவர் பெயர், வீட்டு முகவரி, வீட்டில் தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர்.

"அப்புறம் வீட்டுக்கே வருவாங்க, ஜெபத்துக்குக் கூப்பிட."

அதிபர் தாளை மறுபடி வாசித்தார். யுத்த காலம். வெள்ளவத்தையில் பாதி வீடுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த யாராவது தங்கியிருந்தார்கள். பொலிஸ் பதிவுக்குப் பெயர் கொடுக்கவே நெஞ்சு இடிக்கிற நாட்களில், பிள்ளைகளின் கையாலேயே இப்படி ஒரு பட்டியல் வெளியே போவதா?

அதற்காக நிகழ்ச்சியை நிறுத்தவும் மனம் வரவில்லை. போன மாதம்தான் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் சட்டைப் பையில் போதைத்தூள் சுற்றிய சரை ஒன்று பிடிபட்டிருந்தது. அடுத்தவனுக்கு யார் புத்தி சொல்வது?

நிகழ்ச்சியை ஒழுங்கு செய்தவர் ஜெகதீஸ்வரி ரீச்சர். பக்கத்தில் நின்ற அவருக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்கு உதெல்லாம் என்னண்டு தெரியும்?"

"எம் மகன் அங்கதான் இருக்கான் மிஸ். ரெண்டு வருசமா."

"அதுதானே பார்த்தன். மகன் அந்தோனியார் கோயிலை விட்டிட்டு அங்க போயிட்டார். அந்தக் கோவத்தை இஞ்ச வந்து தீர்க்கிறியள்."

மாக்ரெட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள்.

"கோவம்னே வச்சிக்கங்க மிஸ். கேக்கிறத மட்டும் கேட்டுருங்க."

அவள் போனதும் ரீச்சர் சொன்னார்: "தாய்க்காறியின்ர வயித்தெரிச்சல் சேர். நாங்கள் ஏன் காது குடுப்பான்?"

அதிபருக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மேசையில் கிடந்த தாள் பொய்யில்லையே.

மறுநாள் காலை வெள்ளை வான் ஒன்று வாசலில் நின்றது. குண்டுப் பயத்தில் பெற்றோர் முறைவைத்துப் பாடசாலை வாசலைக் காத்துக்கொண்டிருந்த காலம் அது. உள்ளே வருகிற யாரும் பெயர், அடையாள அட்டையிலுள்ள முகவரி, எங்கிருந்து வருகிறார் என்று ஒரு கொப்பியில் எழுதவேண்டும். அன்று முறையில் நின்ற தகப்பன் ஒருவர் பேனையை நீட்ட, குழுத் தலைவர் 'விழிப்புணர்வு நிலையம்' என்று எழுதினார்.

"உதை நடத்திறது ஆர் எண்டும் எழுதுங்கோ," என்றார் அதிபர்.

தலைவர் சிரித்தார். "நாங்க மதம் பேச வரல்ல சேர்."

"அப்ப எழுதிறதில என்ன?"

சிரிப்பு நின்றது. பேனையைக் கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு ஜெபக்கூடத்தின் பெயரை எழுதினார்.

"படிவமெல்லாம் வானிலேயே இருக்கட்டும். நீங்கள் ஆரெண்டு பிள்ளையளுக்கு முதல்ல நான் சொல்லுவன். பிறகு பேசுங்கோ."

பேசியவன் பேர்னாட் என்ற மெலிந்த இளைஞன். பதினேழு வயதில் தூளுக்கு அடிமையானதையும், வீட்டுப் பித்தளைக் குழாயைக் கழற்றி விற்றதையும், இந்த ஜெபக்கூடத்துக்காரர்கள் தன்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிழைக்கவைத்ததையும் ஒளிக்காமல் சொன்னான். கடைசி வரிசையிலும் குசுகுசுப்பு இல்லை. ஜெகதீஸ்வரி ரீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"இப்பிடி ஒரு பிள்ளையைத் திருத்தினவையைப் போய் அந்த மனிசி..."

அதிபர் கையோடு கொண்டுவந்திருந்த வாசல் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். இன்றைய பக்கத்தில் பேர்னாட் எழுதிய முகவரி. நேற்றைய பக்கத்தில் மாக்ரெட் எழுதியது. ஒரே தோட்டக் குடியிருப்பு, ஒரே வீட்டு இலக்கம்.

வானில் ஏறப்போனவனைத் தனியே கூப்பிட்டார்.

"நேற்று வந்தவ உம்மட அம்மாவோ? அவவுக்கு உங்கட ஆக்களில சரியான கோவம் போல."

"கோவமா? எம் புள்ளைய உசிரோட திருப்பிக் குடுத்தவங்கன்னு, செவ்வாய்க்கு செவ்வாய் அந்தோனியார் கோயில்ல இவங்களுக்கும் சேத்து மெழுகுதிரி கொளுத்துறாங்க சேர்."

பேர்னாட் வானைத் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாவ அனுப்புறது நான்தான். ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒரு நாள் முன்னுக்கு. பேரச் சொல்லிட்டே போவோம்னு இவங்ககிட்ட எத்தனையோ தரம் சொன்னேன், கேக்கல்ல. நான்தான்னு தெரிஞ்சு வெளிய போட்டாங்கன்னா, எனக்கு மறுபடி தூள்தான். அதனால நான் அனுப்பினேன்னு மட்டும் அம்மா யாருக்கும் சொல்றதில்ல. யார் என்ன ஏசினாலும் வாங்கிக்கிட்டு வந்துருவாங்க."

நேற்று அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லையே என்று அதிபருக்கு வெட்கமாக இருந்தது.

"நல்ல காரியம்தானே செய்யினம், பேரைச் சொல்லாட்டி என்ன எண்டு நீர் விட்டிருக்கலாமே தம்பி?"

"எனக்கு முதல்முதல்ல தூள் குடுத்தவனும் சல்லி வாங்கல்ல சேர்," என்றான் பேர்னாட். "அது என்னன்னும் சொல்லல்ல."