வெறும்பெட்டி வரிசை

“மெதுவா வெட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. அவுக மேலாகத்தான் படுத்திருக்காக.”

கணவனின் குழியைத் தோண்டப் போகிறார்கள் என்று தெரிந்தும் விக்டோரியா அழவில்லை. பக்கத்துக் கல்லறைத் திண்டில் உட்கார்ந்து, பால்காரனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஜோன்ஸ், கல்லறைத் தோட்டத்துச் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேச்சுக் கேட்டுவிட்டான். செத்தவர்களால் அவனுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. இருப்பவர்கள்தான் உயிரை வாங்குவார்கள்.

மண்வெட்டியோடு தயங்கி நின்ற அற்புதமணியிடம், “நீ வெட்டுலே” என்றான்.

சாயங்காலம் ஒரு அடக்கம் இருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் ஃப்ரீசர் பெட்டிக்குள் காத்திருக்கிறார். அவருக்கு இடம் வேண்டும்.

கடல் எடுத்துக்கொண்டு திருப்பித் தராத ஆட்களுக்கென்று இந்தத் தோட்டத்தில் தனியாக ஒரு வரிசை உண்டு. வெறும்பெட்டி வரிசை என்பார்கள். ஆள் கிடைக்காவிட்டால் அடக்கம் செய்யாமல் விட முடியுமா? சட்டை, கைலி, தலையணை என்று எதையாவது பெட்டியில் வைத்து, சாமியார் மந்திரித்ததும் இறக்கிக் குருசு நட்டுவிடுவார்கள்.

இருக்கிற பிணத்துக்கே இடமில்லை, இல்லாத பிணத்துக்கு எதற்கு இடம் என்று கோயில் பங்குக் கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். வெறும்பெட்டிக் குழிகளைத் தோண்டி மற்றவர்களுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

ஜோன்ஸ் நியாயஸ்தன். ஊரான் வீட்டுக் குழியில் கை வைக்கும் முன் தன் வீட்டுக் குழியில் கை வைத்தான். போன வருடம் முதலில் தோண்டியது அவன் தம்பி ரெனிஷின் இடத்தைத்தான். பெட்டிக்குள் தம்பியின் நீலச் சட்டை மக்கிக் கிடந்தது. வேறொன்றும் இல்லை. அதை எடுத்துவிட்டு ஒரு வாத்தியாரை அங்கே அடக்கினார்கள்.

ரெனிஷும் விக்டோரியாவின் கணவன் லிகோரியும் ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கப் போனவர்கள். சேர்ந்தே மூழ்கினார்கள். இரண்டு பேரும் மேலே வரவில்லை.

தம்பி இடத்தைக் கொடுத்த நாளிலிருந்து அம்மா ஜோன்ஸின் வீட்டில் கை நனைப்பதில்லை. வெறும் சட்டைக்கா இந்தப் பாடு என்று அவனுக்குக் கோபம் கோபமாக வரும். கோபம் அடங்கிய பிறகு பயமாக இருக்கும். அதனால் இந்தக் குழியிலும் சட்டையைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. இருந்துவிட்டால் அவன் தம்பிக்குச் செய்தது துரோகம் என்று ஆகிவிடும்.

விக்டோரியா பொழுது சாயும்போது தினமும் வருவாள். குருசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மீன் விலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் சொல்லுவாள். பாவம், கழன்றுவிட்டது என்றது ஊர். ஜோன்ஸும் அப்படித்தான் நினைத்தான். கேட்டைப் பூட்டும் நேரம் வந்தால் “ஏளா, போதும், எந்திரி” என்பான். அவளும் எழுந்து போய்விடுவாள்.

மண்வெட்டி ஆழமாக இறங்கியது.

உடைமரங்களை வெட்டித் திருத்திய புது நிலம் அது. முன்னால் யாரையும் அங்கே புதைத்ததில்லை. லிகோரியின் பெட்டியை இறக்கும்போது ஒரு பக்கத்துக் கயிற்றைப் பிடித்தவன் ஜோன்ஸ்தான். கயிறு கனக்கவே இல்லை.

இடுப்பளவு தோண்டுவதற்குள் மணல் ஈரமாக வந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. கடல் அந்தப் பக்கம், ரோட்டையும் ஐஸ் கம்பெனியையும் தாண்டிக் கிடக்கிறது.

அற்புதமணி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். துப்பினான்.

“உப்பா கரிக்கி அண்ணாச்சி.”

ஊற்றாக இருக்கும் என்றான் ஜோன்ஸ். சொன்ன அவனுக்கே நம்பிக்கை இல்லை.

அதன் பிறகு அற்புதமணி மண்வெட்டியைத் தொடவில்லை. கையால் மணலை ஒதுக்கினான். ஒதுக்கியவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு குழியை விட்டு ஏறி, தூரமாகப் போய் நின்றான்.

ஜோன்ஸ் இறங்கினான்.

லிகோரியின் பெட்டி ஆணி கழலாமல் அப்படியே இருந்தது. மூடியின் மேலே, ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்த வாக்கில் எலும்புகள் கிடந்தன. அவற்றின் மேல் சிப்பி அப்பியிருந்தது.

ஜோன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

அப்படியென்றால் லிகோரி வந்திருக்கிறான். எப்படி வந்தான் என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. ஆனால் ஒருத்தன்தான் வந்திருக்கிறான். ரெனிஷ் வரவில்லை. நல்லவேளை, தம்பி வரவில்லை என்று அவன் மனம் ஆறுதல் பட்டது. அப்படி ஆறுதல் பட்டதற்காக அவனுக்கு அழுகை வந்தது.

பிடிப்புக்காகக் குழியின் ஓரத்தில் கை ஊன்றினான். ஈர மணல் பொலபொலவென்று சரிந்தது.

முதல் ஆளின் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டு, காலைக் குறுக்கி, இன்னொரு ஆள் படுத்திருந்தான்.

மேலே விக்டோரியா குனிந்து பார்த்தாள். அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை.

“ரெனிஷு பிந்தித்தான் வந்தான் அண்ணாச்சி. அவன் எடத்துல வேற ஆளு படுத்திருக்கவும், எங்கன போகன்னு தெரியாம இங்கனயே நின்னான். நான்தான் அவுகளக் கொஞ்சம் ஒதுங்கிப் படுக்கச் சொன்னேன்.”