கொம்பு வைத்த எழுத்து

கறுப்புத் திரையில் முதலில் கேள்விக்குறிகள்தான் வந்தன. யூனிகோடுக்கு மாற்றியதும் அவை கட்டங்களாயின. மூன்றாவதாக ஓர் எழுத்துருவை ஏற்றியபின், இன்று காலையில்தான் தமிழ் தெரிந்தது.

பஞ்சாபகேசன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். லலிதாம்பாள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நரம்பு நோய் முதலில் மனைவியின் கை கால்களைக் கொண்டுபோயிற்று. பிறகு பேச்சை. வலது ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். அதன் அடியில் ஒரு மௌஸ்.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நகரும். வேண்டியது வரும்போது அவள் அழுத்தினால் கீழே வந்து விழும். அழிப்பதற்கும் ஒரு குறி உண்டு. அவரே எழுதிய புரோகிராம். ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் அது. எழுத்தை மட்டும் காட்டும் வெறும் டெர்மினலுக்கு மேல் எதையும் தாங்காது.

இப்போது மூச்சும் தளர்ந்துவிட்டது. தொண்டையில் துளையிட்டு இயந்திரத்தோடு இணைக்க வேண்டும், அப்புறம் அதிலிருந்து எடுக்கவே முடியாது, உங்கள் மனைவியிடமே கேட்டுச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். சம்மதமென்றால் கண்ணை ஒருமுறை மூடித் திறக்கச் சொன்னால் போதுமே என்றார்.

பஞ்சாபகேசன் ஒப்பவில்லை. அவள் முழு வார்த்தையாகவே சொல்லட்டும். எழுத்து சரியாகட்டும், கேட்கிறேன் என்று நேற்றும் போனில் சொல்லிவிட்டார்.

உகரங்களை ஒருவழியாகப் படிய வைத்தாயிற்று. கொம்பு மட்டும் வழிக்கு வரவில்லை. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது, பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.

அவர் அடுத்த எழுத்துருவைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தபோது மௌஸ் சொடுக்கியது.

அவர் இன்னும் எதுவும் கேட்கவில்லை. போனில் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

‘வி’ வந்தது. வெகுநேரம் கழித்து ‘டு’. வெளியே வலியசாலைத் தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து, அது கிளம்பாததால் தள்ளிக்கொண்டு போனார்கள். ‘ங்’ வந்தது. கடைசி எழுத்தின் கொம்பு இடம் மாறி, காலோடு சேர்ந்து வலப்பக்கம் தொங்கியது.

விடுங்கோ.

வாசிக்க ஒரு சிரமமும் இல்லை.

பஞ்சாபகேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேஷ்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எழுத்து சரியா விழலை, லலிதா. ஒண்ணும் மனசிலாகலை. வேற ஃபாண்ட் போட்டுப் பார்க்கறேன்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

பிறகு அந்த விரல் அசைந்தது. கடைசி எழுத்து அழிந்தது. அதற்கு முந்தையதும் அழிந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒருமையில் அழைத்தறியாதவள், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

திரையில் இரண்டே எழுத்து. இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில், பிசகில்லாமல் இருந்தன.

விடு.