சனிக்கிழமைக் கடத்தல்

ஆளைக் கடத்துவதற்குச் சனிக்கிழமைதான் தோதான நாள் என்று றொனால்ட் முடிவெடுத்தான்.

குரோருட் பகுதியிலிருந்த அந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சனிக்கிழமைகளில் ஆட்கள் குறைவு. மற்ற நாட்களிலும் குறைவுதான். சனிக்கிழமை மட்டும் அதை ஒப்புக்கொள்வார்கள்.

பயமெல்லாம் ஒருத்தியை நினைத்துத்தான்: அங்கே வேலை செய்த ஒரே தமிழ்த் தாதி ஜெயகுமாரி. அவள் வேறொரு அறைக்குள் நுழையும்வரை காத்திருந்து, கிழவரைச் சக்கர நாற்காலியோடு பின்வாசலால் தள்ளிவந்து காரில் ஏற்றினான். புருவம்வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“தம்பி, பிடிபட்டால்?”

“பேசாமல் இருங்கோ, அப்பா.”

ஆம், கடத்தியது சொந்த அப்பாவைத்தான்.

அப்பா அல்பேர்ட்டின் குதிகாலில் மாதக்கணக்காக ஆறாத படுக்கைப் புண். காயப் பராமரிப்பில் தேர்ந்த தாதி ஒருத்தி பார்த்தால்தான் ஆறும். இல்லத்துப் பொறுப்பாளர் மிகுந்த அனுதாபத்தோடு, அதற்குத் தங்களிடம் நிதியில்லை, காப்புறுதியைக் கேளுங்கள் என்றார். காப்புறுதிக் கொம்பனி அதைவிட அனுதாபத்தோடு, சொந்த வீட்டில் வசிப்பவர்களுக்குத்தான் தாதியை அனுப்புவோம், இல்லத்தில் இருப்பவரை இல்லமே பார்த்துக்கொள்ளும் என்றது. இரண்டு அனுதாபங்களுக்கும் நடுவில் புண் நிம்மதியாக வளர்ந்தது.

எனவே, கொம்பனியைப் பொறுத்தவரை, அல்பேர்ட் ட்வெய்ட்டா பகுதியில் மகன் வீட்டில் குடியேறிவிட்டார். அன்று பின்னேரம் கொம்பனியின் தாதி அங்கே வருவதாக ஏற்பாடு.

“இது மோசடி. பிடிச்சால் பொலிசிலைதான் குடுப்பாங்கள்” என்று புலம்பிக்கொண்டே றொனால்டின் மனைவி கிறிஸ்ரி அறையைத் தயார் செய்திருந்தாள். கதவில் உடுத்திக் கழற்றிய ஒரு சாரம், தலைமாட்டில் செபமாலை, பக்கத்தில் பாதி குடித்த தேநீர். பார்த்தால் பத்து வருடமாகக் குடியிருக்கும் களை.

“கேட்டால், இஞ்சைதான் இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ, அப்பா.”

மன்னாரில் அதிபராக இருந்தபோது பொய் சொன்ன பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தியவர் அல்பேர்ட். “சாமியாருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?”

“பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுவம். முதல் கால் புண் மாறட்டும்.”

பின்னேரம் அழைப்புமணி அடித்தது. றொனால்ட் கதவைத் திறந்தான்.

வாசலில் ஜெயகுமாரி நின்றாள்.

“தங்கச்சி, நான் விளங்கப்படுத்துறன்... அப்பாவை இப்பவே திருப்பிக் கொண்டுவந்து விடுறன்.”

அவளும் ஒரு கணம் திகைத்துத்தான் நின்றாள். பிறகு உள்ளே வந்து, கட்டிலில் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்ட அல்பேர்ட்டைப் பார்த்தாள். மெல்லக் கோட்டைக் கழற்றினாள். உள்ளே, காப்புறுதிக் கொம்பனியின் சின்னம் பொறித்த நீலச் சட்டை.

“காயப் பராமரிப்பு நான் தனியாப் படிச்சனான், அண்ணை. அங்கை அந்த வேலைக்குச் சம்பளம் இல்லையாம், புண்ணிலை கைவைக்க விடமாட்டினம். அங்கை முடிச்சிட்டு இவையளுக்குச் செய்யிறன்.”

கையுறைகளை மாட்டிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

“விதிப்படி ஒண்டு கேக்கவேணும். ஐயா, நீங்கள் இந்த வீட்டிலைதானே இருக்கிறியள்?”

முன்னாள் அதிபர் கண்களை மூடிக்கொண்டார். “ஓம், பிள்ளை.”

“நல்லது, ஐயா” என்றாள், அன்று காலை அவருக்கு முகம் வழித்துவிட்ட ஜெயகுமாரி. “உங்களை இண்டைக்குத்தான் முதன்முதலாக் காணுறன்.”