பஸ்ஸுக்கு ‘ஆன்’

“பஸ்ஸுக்கு ‘இன்’ வராதும்மா. ‘ஆன்’ போடணும். ‘ஆன் த பஸ்’,” என்றான் செந்தமிழன்.

முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்து, “சரிங்க சார்,” என்றாள். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் அவள் போனில், “ஐ ஆம் கமிங் இன் பஸ்,” என்று சொன்னது காதில் விழுந்ததிலிருந்தே அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் பின்னாலேயே ஏறி, பின் சீட்டைப் பிடித்து, பாடத்தை ஆரம்பித்துவிட்டான்.

பெயர்தான் செந்தமிழன். இங்கிலீஷைத் தப்பாகப் பேசுகிறவர்களைப் புழுவைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பான்.

“காருக்கு ‘இன்’. பஸ்ஸுக்கு ‘ஆன்’. பொதுவாச் சொன்னா ‘பை பஸ்’. இதுகூடத் தெரியல. என்ன படிச்சிருக்கே?”

“பி.எஸ்ஸி.ங்க சார்.”

“வெளங்கிரும்.”

காலி மீன்கூடைகளோடு இரண்டு பெண்கள் அவன் காலருகே உட்கார்ந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு, கீழே வைத்திருந்த ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“இன்டர்வியூவா சார்?” என்று கேட்டாள் அவள்.

“ஆமா. இங்கிலீஷ் வாத்தியார் வேலை. பதினோரு மணிக்குப் புதுக்கோட்டையில இருக்கணும். கொஞ்சம் பிந்துனாலும் கேட்டைச் சாத்திருவாங்க.” இந்த வேலை கிடைத்தால்தான் பெண் தருவேன் என்று தாய்மாமன் கறாராகச் சொல்லியிருந்தார். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

அவள் முகம் மாறியது. “புதுக்கோட்டைக்கா? சார், இந்த…”

“இங்கிலீஷ்ல சொல்லு. பேசிப் பழகுனாத்தானே வரும்.”

“சார், யூ ஆர் இன்…”

“மறுபடியும் ‘இன்’னா? ஒங்களுக்கெல்லாம் மண்டையில ஏறவே ஏறாது.”

“இல்ல சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“மொதல்ல மனசுக்குள்ள சரியாச் சொல்லிப் பாரு. அப்புறம் வாயைத் தெற.”

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. செந்தமிழனுக்குப் பரம திருப்தி. வழியெல்லாம் அவள் பின்தலையைப் பார்த்து உதட்டைச் சுழித்தானே தவிர, ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டத்தில் நீந்திக் கண்டக்டர் வந்து சேர வெகுநேரம் ஆயிற்று.

“புதுக்கோட்டை ஒண்ணு,” என்று பணத்தை நீட்டினான்.

கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மீன்கூடைக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

முன் சீட்டுப் பெண் மெல்லத் திரும்பினாள். இந்த முறை அவள் தடுமாறவே இல்லை.

“சார், யூ ஆர் ஆன் த ராங் பஸ்.”