மேஸ்திரியின் தரப்பு

கலைமதியின் கூந்தல் மேஸ்திரி தணிகாசலத்தின் முறுக்கிய கைக்குள் இருக்கிறது. உப்புப் பாத்தியில் அவள் மண்டியிட்டுக் கிடக்கிறாள்; கிழிந்த உதட்டில் உப்புநீர் ஏறி நெருப்பாய் எரிகிறது. மரக்காணத்து வெயில் உப்புக் குவியல்களில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் குத்துகிறது. அவளுடைய செல்போன் மிதிபட்டு வரப்பில் கிடக்கிறது. உப்பு வாரும் பலகைகளைப் பிடித்தபடி பெண்கள் அசையாமல் நிற்கிறார்கள். “எவடி உன்கிட்ட சொன்னது?” என்று அவன் உலுக்குகிறான். “பேர் சொல்லமாட்டோம்ங்க,” என்கிறாள். கன்னத்தில் அறை விழுகிறது. ஒரு காதில் கடல் இரைச்சல் நின்றுபோகிறது. காலுக்கு பூட்ஸ் கேட்ட கூலிப்பெண்ணை இவன் அடித்தான் என்பதுதான் செய்தி. உழைப்பவர் பக்கம் நின்று எழுதும் கலைமதியின் வலைப்பதிவில், சொன்னவர் பெயர் வெளியே வராது. ஆனால் யாரைப் பற்றி எழுதுகிறார்களோ அவருடைய பதில் இல்லாமல் எதுவும் ஏறாது. அந்தப் பதிலைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள். இரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் கேட்கிறாள்: “உங்க தரப்பையும் போடணும். சொல்லுங்கண்ணா.” பிடி இன்னும் இறுகுகிறது. “எழுதிக்கோ. எங்க உப்பளத்துல பொம்பளை மேல இதுவரைக்கும் ஒருத்தன் கை வெச்சதில்ல!” ஒருத்தியின் கையிலிருந்து பலகை நழுவி விழுகிறது. கலைமதி அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். “ஒரு வார்த்தை மாத்தாம போட்டுடறேண்ணா. முடியை விட்டீங்கன்னா எழுதிக்குவேன்.”