ஜோடியில்லாத புள்ளி

பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் ஓய்ந்திருக்கின்றன, ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. முத்தம்மாவும் புதிதாகச் சேர்ந்த மகாவும் கட்டிங் டேபிளில் சாக்பீஸால் புள்ளிகள் வைத்து, கோடுகளால் இணைத்து, நடுப்புள்ளியில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு முறை அதைக் கோட்டின் வழியே அடுத்த புள்ளிக்கு நகர்த்த வேண்டும். தொட்ட புள்ளியை மறுபடி தொடக்கூடாது. நகர வழியில்லாதவர் தோற்றார். ஜெயிப்பவருக்கு மாலைவரை ஜன்னலோர மெஷின். முதலில் ஆட வேண்டியவள் மகா. பாதைகள் கிளைத்துக் கிளைத்துப் பெருகுகின்றன. அவள் விரல் காற்றிலேயே அலைகிறது. "இத்தனை வழியையும் எப்படிக்கா மனசுல வச்சிக்கிறீங்க? தினம் நீங்கதான் ஜெயிக்கிறீங்க." "வழிய யாரு பாத்தா? கோடு இருக்குற பக்கத்துப் பக்கத்துப் புள்ளிங்கள சட்டைக் கை மாதிரி ரெண்டு ரெண்டா ஜோடி சேத்துக்குவேன். நீ ஒண்ணுக்குப் போனா, நான் அதோட ஜோடிக்குப் போவேன்." மகா ஜோடி சேர்த்துப் பார்க்கிறாள். நடுப்புள்ளி மட்டும் தனியாக நிற்கிறது. "அப்போ நான் எங்க போனாலும் உங்களுக்கு ஒரு ஜோடி இருக்கும், முதல்ல ஆடுறவங்கதான் தோப்பாங்க. புதுப்பொண்ணுன்னு தினமும் என்னையே முதல்ல ஆடச் சொன்னீங்க." முத்தம்மா ஜன்னலோர மெஷின்மீது வெயில் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கிறாள். பிறகு சாக்பீஸை எடுத்து, நடுப்புள்ளியின் அருகே இன்னொரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு இழுக்கிறாள். முதலில் ஆடுபவர் அங்கே போனால் அடுத்தவருக்கு எங்கும் வழியில்லை. "இப்ப ஆடு" என்கிறாள்.