பாதி மூஞ்சிதான் தெரியுது

‘உன் பாதி மூஞ்சிதான் தெரியுது’ என்று தீபலட்சுமி அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் முகிலன் கடிகாரத்தைப் பார்த்தான்.

மணி ஒன்றே கால். அவளுக்குக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு அறையில் வேலை. சாப்பாட்டு நேரம் இரண்டு மணியோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் போனைத் தொடமாட்டாள்.

நாளை மறுநாள் ஞாயிறு. அவளைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வருகிறார்கள். அதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இத்தனை பாடும்.

வேறொருவனாக இருந்தால் வீடியோவை வாட்சப்பில் தட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். முகிலன் உழவர்கரையில் வெப்சைட் செய்துகொடுக்கும் கம்பெனியில் நான்கு வருடமாகக் குப்பை கொட்டுகிறவன். கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்பதற்கும் ஒரு பக்கம் வடிவமைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். மேலே அவள் பெயர், நடுவில் வீடியோ, கீழே ஒரு மஞ்சள் பொத்தான். அந்தப் பக்கத்தின் லிங்க்கைத்தான் அவளுக்கு அனுப்பியிருந்தான்.

பின்னால் கடலும் தெரியட்டும் என்று, வீடியோவில் வலது ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தான். கம்ப்யூட்டரில் பார்க்க ராஜா மாதிரி இருந்தது.

அவள் போனோ உள்ளங்கை அகலம். இவன் வீடியோவின் அகலத்தை ஐந்நூற்று அறுபது பிக்சல் என்று, எந்தத் திரைக்கும் மாறாத ஒரே எண்ணாகப் போட்டு வைத்திருந்தான். பக்கம் பக்கவாட்டில் ஆடக்கூடாது என்று, வெளியே துருத்துவதை மறைத்துவிடும்படி வேறு எழுதியிருந்தான். கடல் அம்சமாகத் தெரிந்தது. மாப்பிள்ளையைத்தான் காணோம்.

ஊருக்கெல்லாம் சரியாகச் செய்துகொடுப்பவன் தன் காரியத்தில் கோட்டை விட்டுவிட்டான்.

பக்கத்து நாற்காலி அதீப் எட்டிப் பார்த்தான். “நீ சொல்றது காதுல வுழுந்தா பத்தாதா? மூஞ்சி பாதியா இருக்கறதுதான்டா உனக்கு நல்லது, அப்டியே வுடு.”

அதீப் நல்லவன். ஆனால் ஆறு மாதமாகச் சனிக்கிழமைகளில் முகிலன் எங்கே போய்வருகிறான் என்று அவனுக்குத் தெரியாது.

அகலத்தை நூறு சதவீதம் என்று மாற்றினான். அகலம் சுருங்கியது. உயரம் மட்டும் பழையபடி விறைத்து நின்றது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, பார்க்க இரங்கல் போஸ்டர் மாதிரி இருந்தது.

மணி ஒன்று நாற்பது.

உயரத்தின் எண்ணையே அழித்தான். பதினாறு பங்கு அகலத்துக்கு ஒன்பது பங்கு உயரம் என்று விகிதத்தை மட்டும் எழுதினான். இனி எந்தப் போனில் திறந்தாலும் திரைக்குத் தக்கபடி அகலமும் உயரமும் சேர்ந்தே சுருங்கும்.

அதீப்பின் போனைப் பிடுங்கித் திறந்தான். கடலும் அவனும் முழுசாக உள்ளே இருந்தார்கள்.

அதீப் இயர்போனை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பதறினான். “டேய், சத்தமே வரலியேடா!”

வராது.

தீபலட்சுமிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. மூன்று வருடமாக இருவரும் போனில் தட்டித் தட்டித்தான் பேசிக்கொண்டார்கள். இந்த ஒன்றையாவது அவளுடைய பேச்சிலேயே கேட்க வேண்டும் என்று, அவளுக்குத் தெரியாமல் சைகை மொழி படித்திருந்தான். அதற்கு முகமும் வேண்டும், இரண்டு கையும் வேண்டும்.

ஒன்று ஐம்பதுக்கு மறுபடி அனுப்பினான். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பதிலைக் காணோம்.

இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு வீடியோ வந்தது. பைல் அடுக்குகளுக்கு நடுவில் அவள் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது. கைகள் படபடவென்று பேசின. அந்த வேகத்துக்கு ஆறு மாதப் படிப்பு எந்த மூலைக்கு? ‘அப்பா’ புரிந்தது. ‘ஞாயிறு’ புரிந்தது.

வேகத்தைப் பாதியாகக் குறைத்து, நான்காவது முறை பார்த்தபோதுதான் முழுசாகப் பிடிபட்டது.

விழுப்புரத்துக்காரர்களை வரவேண்டாம் என்று அப்பாவை நேற்றே சொல்ல வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ வா.